எடுப்பு எவ்வளவு என்று கேட்டார்கள்

என் கையெழுத்தை வாசிக்கப் போகிறவர் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ரகரம், எந்த இடத்தில் பெரிய றகரம் என்பது எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம். எழுத்துகள் காலைநேரத்து மெத்ரோ ரெயிலில் நிற்கிற சனம் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். தட்டச்சு செய்கிறவர் பிழைகளைத் திருத்தலாம். விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

நான் நாலு பேருக்கு முன்னால் கதைக்கிற ஆள் இல்லை. கோயிலிலும் கலியாண வீட்டிலும் கடைசி வரிசையில் இருந்து, சாப்பாடு முடிந்ததும் எழும்பி வந்துவிடுவேன். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் பாரிஸில், லா சப்பலில் இருக்கிறோம். ரெயில் பாதைக்குப் பக்கத்துக் கட்டடம், மூன்றாம் மாடி. ஒரு படுக்கையறை, ஒரு முன்னறை. மனைவி அலுவலகங்கள் துப்புரவு செய்கிறாள். நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற பிளோஞ்ச் வேலையில் தொடங்கி, இப்போது சலாது, சூப் போன்ற முதல் தட்டுகளைச் செய்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் தங்கச்சியின் மகள் மூன்றரை வருடம் எங்கள் முன்னறையில் இருந்தாள். எனக்கு மருமகள் முறை. இது அவளுடைய கதை.

அதற்கு முன் நான் இந்த நாட்டுக்குள் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும்.

நான் வந்தது தொண்ணூறுகளில். அகதி விண்ணப்பம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். என்ன நடந்தது, யார் செத்தார்கள், எங்கே அடித்தார்கள், காயம் எங்கே என்று கேட்டார்கள். சட்டையைக் கழற்றிக் காட்டினேன். எத்தனையாம் வகுப்பு வரை படித்தாய் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆனால் அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்கவில்லை. என்ன வேலை தெரியும், எவ்வளவு சம்பளம் எடுப்பாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன இழந்தாய் என்பதுதான் கேள்வி. இழந்தது போதும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும், பத்து வருட வதிவிடக் காட் தந்தார்கள். அது முடிய இன்னொரு பத்து வருடம். இப்போதும் இருக்கிறது.

வேலை தேடிப் போன இடங்களிலும் சம்பளத்தை நானாகச் சொன்னதில்லை. லா சப்பலில் ஒரு கடைக்கோ சமையலறைக்கோ வேலை கேட்டுப் போனால் முதலாளி கேட்பார், "எவ்வளவு எதிர்பாக்கிறீர்?" அதற்கு ஒரேயொரு பதில்தான் இருக்கிறது: "பாத்துத் தாங்கோ அண்ணை." அதைச் சொன்னவனுக்கு அடுத்த நாளே வேலை. தொகை சொன்னவனைப் பற்றி, அவன் படி இறங்க முதலே, "ஆள் கொஞ்சம் எடுப்புப் போலை கிடக்கு" என்று கதைப்பார்கள். எடுப்பு என்றால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்வது. எடுப்புக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு இந்தத் தெருவில் வேலை கிடைக்காது. எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவன் எடுத்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் எனக்குத் தருவார்கள் என்று தெரிந்தும் நான் பாத்துத் தாங்கோ என்றுதான் சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சு முதலாளியிடமும் அதையே எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரித்தார். பார்த்துத்தான் தந்தார்.

மருமகள் யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு மாணவர் விசாவில் வந்தாள். உணவில் இருக்கிற கிருமிகளைப் பற்றிய படிப்பு. முதல் ஆறு மாதம் பிரெஞ்சு அவளுக்கு வாயில் வராது. வீட்டில் சோபாவை விரித்துப் படுத்துக்கொண்டு சீலிங்கைப் பார்த்துப் பேசிப் பழகுவாள். பிறகு பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. திறந்து பார்த்து ஒவ்வொரு கறிச்சட்டியையும் மணந்து, திகதி எழுதி ஒட்டுவாள்.

"பிள்ளை, இது வீடு. ஆஸ்பத்திரி இல்லை" என்பாள் என் மனைவி.

"ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கத்தான் மாமி."

"முப்பது வருசமா இந்த மனுசன் என்ரை கையாலைதானே சாப்பிடுறார். செத்தே போனார்?"

"மாமா ஏன் ஒண்டும் கதைக்கிறேல்லை எண்டு இப்பதான் விளங்குது" என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உங்கள் உணவகத்தைச் சோதிக்க ஒருநாள் நான் வருவேன், அன்றைக்கு மாமா என்று பார்க்க மாட்டேன் என்று என்னை வெருட்டுவாள். பிள்ளை இல்லாத வீட்டில் அப்படி ஒரு சத்தம் என்ன செய்யும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சத்தத்துக்காகவே நான் வேலை முடிந்து கெதியாக வீட்டுக்கு வந்தேன்.

படிப்பின் கடைசி ஆறு மாதம் பாரிஸுக்கு வெளியே கூசேன்வில் பக்கத்தில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் பயிற்சி, அவள் அதை லபோ என்பாள். உணவகங்கள், பள்ளிக்கூடக் கன்ரீன்கள், கடைகள் அனுப்புகிற சாப்பாட்டில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கிற இடம். நடத்துகிறவர் ஒரு வயதான பிரெஞ்சுப் பெண்மணி. மருமகள் அவரை மதாம் என்றுதான் சொல்லுவாள், நாங்களும் மதாம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பயிற்சி முடிந்ததும் அங்கேயே ஒரு நிரந்தர வேலைக்கு மதாம் விளம்பரம் போட்டார். போட்டுவிட்டு மருமகளைக் கூப்பிட்டு, நீயும் விண்ணப்பம் போடு என்றாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கே தெரியும்.

நேர்முகம் முடிந்து வந்த அன்று மருமகள் சப்பாத்தைக் கழற்றாமலே சோபாவில் இருந்தாள்.

"கிடைச்சதோ?" மனைவிதான் கேட்டாள்.

"கிடைச்சிட்டுது மாமி."

"பிறகேன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்?"

"ஒரு கேள்வி கேட்டவ. உங்கடை பிரெத்தான்சியோன் எவ்வளவு எண்டு."

எனக்கு அந்தச் சொல் ஓரளவு தெரியும். எங்கள் தலைமைச் சமையல்காரர் புதிதாக வந்த பரிமாறுகிற பெடியனை அதே மாதிரி ஒரு சொல்லால்தான் திட்டுவார். பிரெத்தான்சியு. எடுப்புக்காரன்.

"எடுப்பு எவ்வளவு எண்டோ கேட்டவ?" என்றேன்.

மருமகள் சிரித்துவிட்டாள். "அதேதான் மாமா. எவ்வளவு சம்பளம் கேக்கிறாய் எண்டுதான் அர்த்தம். எனக்கும் அது தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் வாய் சுருங்கிப் போச்சு. ஆறு மாதம் எனக்குப் படிப்பிச்ச மனிசியிட்டை என்ரை எடுப்பு இவ்வளவு எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் பாத்துத் தாங்கோ எண்டன். அவ விடேல்லை, ஒரு தொகை சொல்லு எண்டா. விளம்பரத்திலை இதிலையிருந்து இது வரை எண்டு போட்டிருந்தது. நான் கீழ்த்தொகையிலும் கொஞ்சம் குறைச்சுச் சொன்னன்."

"நல்லது" என்றாள் என் மனைவி. "வந்த உடனை கூடக் கேக்காமல் விட்டியே, அது நல்லது. வேலையைப் பாத்துப் பிறகு கூட்டித் தருவினம்."

அன்று வீட்டில் பாயாசம் வைத்தோம். அந்தத் தொகை எங்களுக்குச் சின்னத் தொகையாகவும் தெரியவில்லை. இங்கே சட்டப்படி ஒரு ஆளுக்குக் கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த சம்பளத்தை ஸ்மிக் என்பார்கள். லா சப்பலில் எங்கள் ஆட்கள் பலருக்கு ஸ்மிக்தான் கூரை. அது முழுதாகச் சம்பளத்துண்டில் வந்தாலே பெரிய விஷயம். மருமகள் கேட்டது அதற்கு நல்லாய் மேலே. ஊருக்கு எடுத்துச் சொன்னோம். தங்கச்சி போனிலேயே அழுதாள்.

படிப்பு முடிந்தவர்களுக்கு வேலை தேடிக்கொள்ள ஒரு வருடத் தற்காலிகக் காட் கொடுப்பார்கள். மருமகள் அதை வைத்து வேலையைத் தொடங்கினாள். காலையில் கார் து நோர் ஸ்ரேசனில் ரெயில் ஏறி, மாலையில் திரும்பி வருவாள். அந்த வருடம் முடியமுன் மாணவர் விசாவை வேலை விசாவாக மாற்ற வேண்டும். அதற்கு மதாம் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டு, கொந்த்ரா என்கிற வேலை ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் அனுப்பினார். எங்களுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. பட்டம் இருக்கிறது, வேலை இருக்கிறது, முதலாளிக்கு ஆளைப் பிடித்திருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

மறுத்துவிட்டார்கள்.

பதில் மதாமுக்குத்தான் வந்தது. அவர் அதை மருமகளுக்கு அனுப்பினார். மருமகள் இரண்டு தரம் வாசித்துவிட்டு, எனக்குப் பிரெஞ்சு விளங்குது மாமா, காரணம்தான் விளங்கேல்லை என்றாள்.

எங்களுக்கு மேல் மாடியில் புதுச்சேரி ஐயா ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. எங்கள் தமிழ் அவருக்கு வேடிக்கை, அவர் தமிழ் எங்களுக்கு வேடிக்கை. ஆனால் இந்த மாதிரி விஷயங்களுக்கு அவரைத்தான் போய்ப் பார்ப்போம். நானாகப் போய் அவர் கதவைத் தட்டியதில்லை. அன்றைக்கு மருமகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தட்டினேன்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாக வாசித்தார்.

"இங்க பாருங்க தம்பி. மாஸ்டர் படிச்ச புள்ளைக்கு ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க. ஸ்மிக்கைப் போல ஒன்றரை மடங்கு. சம்பளம் அந்தக் கோட்டுக்கு மேல இருந்தா கேள்வியே இல்ல, குடுத்துடுவாங்க. கீழ இருந்தா, இந்த வேலைக்கு ஏற்கெனவே இங்க இருக்கறவங்க யாரும் இல்லையான்னு பார்ப்பாங்க. வேலை இல்லாம நிறையப் பேர் பதிஞ்சு வெச்சிருக்காங்களே. அப்பறம் எப்படிக் குடுப்பாங்க?"

"அவள் கெட்டிக்காரி ஐயா. மதாமுக்கு அவளைத்தான் விருப்பம்."

"கெட்டிக்காரின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க புள்ளையப் பார்த்தாங்களா? கெட்டிக்காரியா இருந்தா முதலாளி ஏன் கொறச்சுக் குடுக்கறான்னுதான் கேப்பாங்க."

மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "குடுத்தது அவ இல்லை ஐயா. குறைச்சுக் கேட்டது நான்."

ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "ஏம்மா?" என்றார். நான் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த மொழிக்குள்ளேயே பிறந்தவருக்கு அந்தச் சொல்லில் எடுப்பு கேட்காது என்று தோன்றியது. அவர் அதைச் சம்பளம் என்று மட்டும்தான் கேட்டிருப்பார்.

எனக்கு அன்றைக்குத்தான் தலைகீழாக ஒன்று விளங்கியது. இந்தத் தெருவில் குறைத்துக் கேட்டால் ஆளை எடுப்பார்கள். அரசாங்கத்தில் குறைத்துக் கேட்டவளைத் தள்ளிவிடுகிறார்கள். எத்தனை வருடம் படித்தாள், எவ்வளவு நன்றாகச் செய்கிறாள் என்பதையெல்லாம் சம்பளத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். அடக்கமாக இருந்ததற்கு அவர்களுடைய படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. அடக்கமும் திறமைக்குறைவும் அவர்களுக்கு ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

சம்பளத்தைக் கூட்டிப் புதுக் கொந்த்ரா எழுதி, திரும்ப அனுமதி கேட்கலாம் என்றார் ஐயா. வித்தியாசம் பெரிதில்லை. மருமகள் மதாமிடம் கேட்கத் தயங்கினாள். ஒரு கிழமை போய்விட்டது.

"நேரை போய்க் கதைப்பம்" என்றாள் என் மனைவி. "வீட்டாக்கள் வந்து கதைச்சால் ஆரும் இரங்குவினம். இஞ்சேருங்கோ, நீங்கள் போங்கோ பிள்ளையோடை."

"நானோ?"

"நீங்கள்தானே மாமன்."

சனிக்கிழமை காலை மதாம் கணக்கு வழக்குப் பார்க்க வேலைக்கு வருவாராம். மனைவி விடிய எழும்பி மட்டன் ரோல்ஸ் பொரித்தாள்.

"மாமி, அது சாப்பாட்டிலை கிருமி பாக்கிற இடம். வெளிச்சாப்பாடு உள்ளுக்கு விடாயினம்."

"உள்ளுக்கு விடாட்டில் வெளியிலை வைச்சுச் சாப்பிடட்டும். வெறுங்கையோடை ஒரு வீட்டுக்குப் போறதே?"

"அது வீடில்லை மாமி."

"பிள்ளைக்கு வேலை தந்த இடம், வீடுதான்."

ரெயிலில் அந்தப் பெட்டியை நான்தான் மடியில் வைத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பிரெஞ்சில் பாடமாக்கிக்கொண்டு போனேன். இவள் எங்கள் பிள்ளை. நல்ல பிள்ளை. தயவு செய்து. அவ்வளவுதான்.

மதாம் எங்களை வாசலிலேயே கண்டு வெளியே வந்தார். உயரம் குறைவான மனிசி, வெள்ளை மேலங்கி. எனக்குக் கை தந்தார். ரோல்ஸ் பெட்டியை வாங்கித் திறந்து, உள்ளே கொண்டுபோக முடியாது என்று சைகை காட்டிவிட்டு, படியில் நின்றபடியே ஒன்றை எடுத்துக் கடித்தார். காரம் ஏறிக் கண் கலங்கியது. நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றார். நான் பாடமாக்கியது எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. மெர்சி மதாம் என்றேன். அவர் எனக்குச் சொல்ல வேண்டியதை நான் அவருக்குச் சொன்னேன்.

சம்பளத்தைக் கூட்டி எழுத முடியுமா என்று மருமகள்தான் கேட்டாள். பிறகு மதாம் நிறையக் கதைத்தார். மெதுவாக, நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று என்னைப் பார்த்தே கதைத்தார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியை மருமகள் தமிழில் சொன்னாள். தன்னைப் பற்றிய பதிலைத் தானே எனக்கு மொழிபெயர்த்தாள், வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வது மாதிரி.

"நேர்முகம் அண்டைக்கு அந்தத் தொகையைக் கேட்டிருந்தால் தந்திருப்பாவாம். அதுக்கெண்டு காசு ஒதுக்கி வைச்சிருந்தவவாம். நான் குறைச்சுக் கேட்டபடியால் மிஞ்சிச்சுதாம். என்ரை பக்கத்து மேசையிலை வேலை செய்யிற அக்கா கனகாலமாச் சம்பளம் கூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவவாம். மிஞ்சினதை அவவுக்குக் கூட்டிக் குடுத்திட்டாவாம். இப்ப எடுக்க ஏலாதாம்."

மதாம் இன்னும் ஏதோ சொன்னார். மருமகள் கொஞ்சம் பொறுத்துத்தான் அதைச் சொன்னாள்.

"அந்த அக்காக்கு ரெண்டு பிள்ளையள். நான் அவவிட்டையிருந்து பறிக்கச் சொல்லிக் கேப்பனோ எண்டு கேக்கிறா."

"நீ என்ன சொன்னனீ?"

"இல்லை எண்டன்."

மதாமின் கண் இன்னும் கலங்கித்தான் இருந்தது. ரோல்ஸின் காரமோ வேறு ஏதுமோ, எனக்குத் தெரியாது. கெட்ட மனிசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டவளுக்குக் கொடுத்தார், கேட்காதவளுக்குக் கொடுக்கவில்லை. உலகம் எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கிறது போல. நான்தான் இவ்வளவு காலம் ஒரு தெருவுக்குள் இருந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ரெயிலில் மருமகள் ஜன்னல் பக்கம் இருந்தாள். என் மடி வெறுமையாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒருவர் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பல வருடப் பழக்கம், என்னைவிட இளையவர்.

"அண்ணை, ஏன் யோசிக்கிறியள்? எங்கடை கடைக்கும் சாப்பாட்டுத் தரம் பாக்கிற ஆள் வேணும் எண்டு ஒரு கொந்த்ரா எழுதுவம். கோட்டுக்கு மேலை சம்பளம் போடுவம். பாங்கிலை போட்ட காசைப் பிள்ளை கையிலை திருப்பித் தந்தால் சரி. வரிக்காசையும் நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ. நான் ஒரு சதமும் எடுக்கேல்லை, உங்களுக்காகத்தான்."

"பிள்ளை என்ன வேலை செய்ய வேணும்?"

"என்ன வேலை? கல்லாவிலை இருக்கட்டும். சனம் கூடினால் வெங்காயம் நிறுத்துக் குடுக்கட்டும்."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவிக்கு முகம் வெளித்தது. மருமகள் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றாள்.

"ஏன் வேண்டாம்? ஊரிலை உலகத்திலை செய்யாததே?"

"மாமி, லபோவிலை கிருமி பாத்தால் நான் கெட்டிக்காரி இல்லை. கடையிலை வெங்காயம் நிறுத்தால் நான் கெட்டிக்காரி. அப்பிடி ஒரு காட்டை வாங்கி நான் எத்தினை வருசம் வெங்காயம் நிறுக்கிறது?"

"காட் கிடைச்சாப் பிறகு மாறலாம்தானே."

"பிடிச்சால் கடைக்காரருக்கும் பிரச்சினை, உங்களுக்கும் பிரச்சினை."

"ஆர் பிடிக்கிறது? இந்தத் தெருவிலை பாதிச் சனத்துக்கு அப்பிடித்தான். உனக்கு மட்டும் என்ன?" மனைவி குரலை உயர்த்தினாள். "படிச்ச எடுப்பு. வேறை என்ன?"

சொன்ன உடனேயே அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். மருமகள் கோபப்படவில்லை. "அதைத்தான் மாமி நான் அண்டைக்குக் காட்டியிருக்க வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.

நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. என் மனம் அவள் கடைக் கொந்த்ராவை எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தது. அவள் சொல்வது சரி என்பதும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன கதைக்க முடியும்?

தற்காலிகக் காட் முடிந்தது. மதாம் அழுதுகொண்டுதான் அவளை நிறுத்தினார் என்று மருமகள் சொன்னாள். அனுமதி இல்லாதவளை வைத்திருந்தால் ஆய்வுகூடத்தையே மூடிவிடுவார்கள். பிறகு காட் கொடுக்கிற அரசாங்க அலுவலகமான பிறெபெக்சூரில் இருந்து பதிவுத்தபால் வந்தது. விசா மாற்ற முடியாது, ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஐயா, வழக்குப் போடலாம், நல்ல வழக்கறிஞர் ஒருவரைத் தெரியும் என்றார். வழக்கில் என்ன சொல்வது என்று மருமகள் கேட்டாள். சம்பளம் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய் இல்லையே. ஐயா அவள் தலையில் கை வைத்தார்.

அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவி ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பிடித்ததைச் சமைத்தாள். அவள் ஒவ்வொரு சட்டியிலும் திகதி ஒட்டினாள். தங்கச்சி ஊரிலிருந்து போன் எடுத்து, "அண்ணை, நீங்கள் அங்கை முப்பது வருசமா இருக்கிறியள். உங்களுக்கு ஒருத்தரையும் தெரியாதே?" என்று கேட்டாள். எனக்கு ஆட்களைத் தெரியும். கறிவேப்பிலை விற்கிறவரைத் தெரியும், மீன் வெட்டுகிறவரைத் தெரியும், கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுக்கிறவரைத் தெரியும்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆகக் குறையப் படித்தவன் நான். ஆகக் கூடப் படித்தவள் அவள். என்னிடம் காயத்தைக் கேட்டார்கள், இருந்தது, காட்டினேன், இருந்துகொள் என்றார்கள். அவளிடம் அப்படி ஒரு காயம் இல்லை. சண்டை முடிந்தபோது அவள் சின்னப் பிள்ளை, பிறகு பயமில்லாமல் பள்ளிக்கூடம் போய்ப் படித்தாள், அதற்காகத்தானே நாங்கள் எல்லாம் ஆசைப்பட்டோம். அவளிடம் விலையைக் கேட்டார்கள். தன் விலையைச் சொல்ல நாங்கள் அவளுக்குப் பழக்கவில்லை. பெண்பிள்ளை அடக்கமாக இருக்க வேண்டும், முதலாளியிடம் பணிவாக இருக்க வேண்டும், தருவதை வாங்க வேண்டும் என்று தங்கச்சியும் பழக்கினாள், ஊரும் பழக்கியது, வந்த இடத்தில் இந்தத் தெருவும் பழக்கியது. எல்லோரும் நல்லதென்று நினைத்துத்தான் செய்தோம். நல்லதென்று நினைத்துச் செய்ததில் எதைத் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. திருத்தினாலும் யாருக்கு இனி?

அவள் போன பிறகு சோபாவை நாங்கள் மடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மனைவி மடித்தாள்.

மருமகள் இப்போது கொழும்பில் ஒரு சிநேகிதியின் அறையில் இருக்கிறாள். வேலை தேடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். போன கிழமை எடுத்தபோது குரல் கொஞ்சம் உசாராக இருந்தது. போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தோம்.

"மாமா, ஒரு புதினம். என்ரை கதிரைக்கு ஆள் தேடுகினம்."

"எந்தக் கதிரை?"

"லபோவிலை. மதாம் திரும்ப விளம்பரம் போட்டிருக்கிறா. நான் வந்தாப் பிறகு ஒருத்தரும் சரிவரேல்லைப் போலை. வந்தவையும் நிக்கேல்லையாம், அந்த அக்கா எழுதினவ. அதாலை சம்பளத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறா."

"எவ்வளவு?" என்று மனைவி கேட்டாள்.

மருமகள் சொன்னாள். புதுச்சேரி ஐயா சொன்ன அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே.

மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். இந்த முறையாவது நான் ஏதாவது சொல்ல வேண்டும்.

"ஓம்" என்றேன்.

"இந்த முறை இவ்வளவு எண்டு அவவே எழுதிப் போட்டிருக்கிறா மாமா" என்றாள் அவள். "போற ஆள் வாயைத் திறந்து கேக்கத் தேவையில்லை."

பிறகு, சரி மாமா, மாமியைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கோ என்று வைத்துவிட்டாள். மாமி குசினிக்குள் நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

லா சப்பல், பாரிஸ்.
2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.